குறி முதலில், துப்பாக்கி பிறகு

ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குழலின் நீளத்தையோ கட்டையின் மெருகையோ பார்த்துத் தொடங்கும் வேலையன்று. குண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டிய வேலை அது. குறி எது, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதற்கும் சுடுபவருக்கும் நடுவே என்ன இருக்கிறது, அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் எந்தத் தோட்டா, எந்தக் குழல், எந்த ரைபிள் என்று கேட்பதில் பொருள் இருக்கும். தென்காசி மாவட்டத்தில், குற்றாலம் ஐந்தருவியின் மலையடிவாரத்தில் இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால், நிலமும் சட்டமும் சேர்ந்து சுடுபவரை ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்வதைக் காணலாம். அந்த இடம் காடு இல்லை. மண்மேட்டுக்கு முன்னால் கட்டப்பட்ட ஒரு காகித அட்டை.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. துப்பாக்கிகள் எல்லாமே ரைபிள் ஆகிவிடுவதில்லை. குழலின் உட்சுவரில் திருகுமறை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் மட்டுமே அது ரைபிள். அந்த மறைகள் ஈயக்குண்டைப் பற்றிச் சுழற்றிவிடுகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலச் சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேராகச் செல்கிறது. 0.22 அங்குல ரைபிளில் மறையானது பொதுவாக 16 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். குண்டு நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொண்டால், அது நொடிக்கு 800 முறைக்கு மேல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கிறது என்று கணக்கு வரும். கிராமப்புற உரிமங்களில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படும் ஒற்றைக்குழல் வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கும், எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று எழுதப்படும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கிகளுக்கும் இந்த மறை கிடையாது. அவை வழவழப்பான குழல் கொண்டவை. பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் என்று வழங்கப்பட்டவை. கிட்டத்தில் மட்டுமே பயன் தருபவை.

இந்தியாவில் ரைபிளின் குழல் அளவை வேட்டைக்காரரின் விருப்பத்தைவிட அரசின் அச்சமே அதிகம் தீர்மானித்திருக்கிறது. தென்பாண்டிச் சீமையின் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, 1801 டிசம்பரில் சென்னை அரசாங்கம் மக்கள் படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயம் என்றது. 1907-இல், கலகக்காரர் கையில் கிடைக்கும் பழைய ராணுவத் தோட்டாக்களுக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்று 0.450 அங்குலக் குழல் கொண்ட ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. அந்தத் தடையால்தான் லண்டன் துப்பாக்கிக் கம்மியர்கள் 0.470, 0.465 என்று அருகருகே புதிய அளவுகளை உருவாக்கினார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் உரியவை என்று இன்று உலகம் மதிக்கும் அந்த அளவுகளின் பிறப்புக்கு இந்தியாவின் சட்டமே காரணம். ராணுவம் பயன்படுத்திய 0.303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்ட நிலையில் அந்த இடத்தை நிரப்பிய 0.315, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாராகி, இன்றும் இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட உரிம ரைபிளாக இருக்கிறது. தடை செய்யப்பட்ட குழலளவு, தடை செய்யப்படாத குழலளவு என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் செய்யும் பாகுபாடு இந்தப் பழைய அச்சத்தின் தொடர்ச்சியே ஆகும்.

வேட்டை சட்டப்படி நடந்த காலத்தில் எது நல்ல ரைபிள் என்பதைக் காடுதான் சொன்னது. குமாவுன் மலைகளில் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட் பரிசாகப் பெற்ற ரிக்பி ரைபிள் 0.275 அங்குலக் குழல் கொண்டது. எடை குறைவாகவும், நெடுநாள் மலையேறி நடக்கும் மனிதனின் தோளுக்கு இதமாகவும், எதிருதை, அதாவது சுடும்போது கட்டை தோளைப் பின்னோக்கி இடிக்கும் விசை, மென்மையாகவும் இருந்ததே அதன் சிறப்பு. சேலம், தர்மபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் 0.405 வின்செஸ்டரை விரும்பினார். நெம்புகோல் போன்ற கைப்பிடியைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் அந்த ரைபிளின் குண்டு கனமானது, மெதுவானது, தொலைவுக்கு உதவாதது. ஆனால் முள்ளும் புதருமான காட்டில் விலங்கு முப்பது நாற்பது அடியில் எதிர்ப்படும்போது தொலைவு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. நீலகிரியில் நிலைமை வேறு. 1877-இல் வேட்டைக்காரர்களே கூடி அமைத்த நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தின் காலத்தில், பாறைச் சரிவில் நிற்கும் வரையாட்டை நெருங்க முடியாமல் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து சுட வேண்டியிருந்ததால், வேகமான, தாழாமல் பறக்கும் குண்டு தேவைப்பட்டது. தமிழகத்தின் வேட்டை வரலாற்றில் நெடுந்தொலைவு ரைபிளுக்கு நியாயமான காரணம் இருந்தது அநேகமாக அந்தப் புல்வெளி மலைகளில் மட்டுந்தான்.

குற்றால மலை அப்படிப்பட்ட இடம் அல்ல. ஐந்தருவிக்கு மேலே ஏறும் பசுமைமாறாக் காட்டில் இருபது அடிக்கு அப்பால் இலையும் கொடியும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. சாரல் காலத்து மூடுபனியில் அதுவும் தெரியாது. குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைப்பவனாகப் பாடப்பட்டிருப்பது இந்த நிலத்துக்குப் பொருத்தமானதே. இந்தக் காட்டில் தொலைவிலிருந்து குறிபார்ப்பவனுக்கு வேலை இல்லை. இங்கே புலியருவி என்றொரு அருவி இருக்கிறது; அந்தப் பெயர் மட்டுமே பழைய அச்சத்துக்குச் சாட்சியாகப் போதும்.

வேட்டைத் தோட்டாவைப் பற்றிப் பேசும்போது பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. குண்டின் ஈயத்தை முழுவதும் செம்பு உறை மூடியிருந்தால் அது உடலைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். முனையில் ஈயம் வெளியே தெரியும்படி விட்டிருந்தால், உடலில் பட்டதும் காளான் குடைபோல விரிந்து உள்ளேயே தன் வேகம் முழுவதையும் இறக்கிவிடும். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் செய்யப்பட்ட விரியும் குண்டுகள் மனிதர்மேல் கொடுமையானவை என்று 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் அவற்றைப் போரில் விலக்கியது. வேட்டையிலோ அதே விரியும் குண்டுதான் இரக்கமுள்ளதாகக் கருதப்படுகிறது. ஏனெனில் துளைத்துக்கொண்டு போன குண்டு விலங்கை உடனே வீழ்த்தாமல், இரண்டு மூன்று நாள் காட்டுக்குள் புண்ணோடு இழுத்தடித்துச் சாக விடும். வேட்டைக்காரனின் தகுதியை அளக்க ஒரே அளவுகோல் வேண்டுமானால், அது அவன் கொன்ற விலங்கின் எண்ணிக்கையாக இருக்க முடியாது; காயத்தோடு தப்பவிட்ட விலங்கின் எண்ணிக்கையாகவே இருக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் குற்றமாக்கியது. ஐந்தருவி வட்டாரத்துக்கு அதில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. துப்பாக்கி வாங்க நினைக்கும் பலருக்கு அது விண்ணப்பம் எழுதும்போதுதான் தெரியவருகிறது. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயம் ஒன்றின் உள்ளேயோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிய வேண்டும். அந்த 10 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய உரிமம் எதுவும் அவருடைய முன் இசைவு இல்லாமல் வழங்கப்படலாகாது. இம்மலைத்தொடரில் 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மலையடிவாரத்திலேயே கிடக்கும் குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை போன்ற ஊர்களில் இருப்பவர் ரைபிள் கடையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் தம் வீட்டுக்கும் சரணாலய எல்லைக்கும் உள்ள தொலைவைப் பார்ப்பதே முறை. அந்த இசைவும், காவல்துறை விசாரணையும், 21 வயது நிறைவும், ஏன் துப்பாக்கி தேவை என்பதற்கான காரணமும் சேர்ந்த பிறகே மற்றவை.

இந்த இடத்தில் விவசாயியின் குரலைக் கேட்காமல் போவது நேர்மையாகாது. வடகரை, மேக்கரை போன்ற அடிவார ஊர்களில் ஓர் இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போன வயலைப் பார்த்தவர்கள், வேட்டைத் தடையை நகரத்து மனிதரின் சொகுசு என்று சொல்வதில் கோபம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. புளியரையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு. அங்கே கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த அதிகாரத்தின்படி, பயிரழிக்கும் பன்றியை உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட உத்தரவிடலாம். தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் வகுத்த நடைமுறை வேறு மாதிரியானது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். அடிவாரத்தையே ஒட்டிய வயல்காரருக்கு இதனால் உடனடி ஆறுதல் இல்லை என்பது உண்மை. ஆனாலும் அவுட்டுக்காய் என்னும் வெடிக்காயைத் தீனிக்குள் பொதிந்து வைப்பதையும் மின்கம்பி இழுப்பதையும்விட இது மேலானது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானை தின்ன முடியாமல் பட்டினியில் சாகும் விதம் எந்தப் பயிர் நட்டத்தோடும் ஒப்பிடக் கூடியது அல்ல.

பன்றியைச் சுடும் பணிக்கேகூட நெடுந்தொலைவு ரைபிள் தவறான தேர்வு. அது தென்னந்தோப்புக்குள் இருட்டில் ஐம்பது மீட்டருக்குள் நடக்கும் வேலை. ஆண்பன்றியின் தோள்பட்டைத் தோல் கேடயம்போலத் தடித்திருப்பதால் கனமான குண்டு வேண்டும். ஆனால் அது தவறினால் சிறிது தூரத்திலேயே மண்ணில் புதைய வேண்டும். அடிவாரச் சமவெளியில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஓர் ஊரோ, பம்புசெட் அறையோ, சாலையோ இருக்கிறது. சாதாரண 0.22 தோட்டாவே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் போகக் கூடியது, 0.30 அங்குல வகைத் தோட்டாக்கள் சில கிலோமீட்டர் கடக்கும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே இருந்த பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, அவன் சில நாட்களில் உயிரிழந்தான். முறையாக அமைந்த தளத்திலேயே அப்படி நேர முடியுமானால், வெட்டவெளியில் வயல்வரப்பில் நின்று நெடுந்தொலைவு சுட்டுப் பழகுவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க இயலாது. மலையில் பார்வை எட்டாது. சமவெளியில் குண்டு நிற்காது. எனவே நெடுந்தொலைவு ரைபிளில் ஆர்வம் உள்ள தென்காசிக்காரர் அதைப் பதிவுபெற்ற ரைபிள் சங்கத்தின் சுடுதளத்தில், காகித அட்டையின் மேல்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் இழப்பு எதுவும் இல்லை. காகிதம் விலங்கைவிடக் கண்டிப்பான குறி.

50 மீட்டர் ரைபிள் போட்டியில் அட்டையின் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 300 மீட்டர் போட்டியில் 10 சென்டிமீட்டர். ரைபிளின் துல்லியத்தைக் கோண நிமிடத்தால், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கால் அளக்கிறார்கள். ஒரு கோண நிமிடம் 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர் அகலம் விரியும், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். வேட்டை ரைபிள் ஒன்று ஒரு கோண நிமிடத்துக்குள் குண்டுகளைக் கூட்டினால் கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் 300 மீட்டரில் அந்த ரைபிளே பத்தாம் வளையத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடுவதால், மனிதரின் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் மிஞ்சுவது சொற்ப இடமே. வேட்டைக்கும் குறிக்கும் ஒரே ரைபிள் போதும் என்னும் ஆசை இங்கேதான் உடைகிறது. வேட்டை ரைபிளின் மெல்லிய குழல் சுமப்பதற்கு எளிது, ஆனால் ஐந்தாறு தோட்டாக்களில் சூடேறிக் குறியை நகர்த்திவிடும். குறி ரைபிளின் தடித்த குழல் ஐம்பது அறுபது தோட்டாக்களுக்கும் அசையாது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் மலையேற முடியாது.

நெடுந்தொலைவில் மிகப் பெரிய எதிரி காற்று. தென்காசி அதை நன்கு அறிந்த ஊர். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று சாரலைச் சுமந்துவந்து அருவியை நிறைப்பதோடு நிற்காமல், சமவெளியில் பல கிலோமீட்டருக்குப் பனை ஓலையைச் சாய்த்துப் பிடித்திருக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, சாந்தமான ஆடிமாதக் காற்று என்றே இங்கு சொல்லப்படும் அந்த வேகம், 50 மீட்டரில் 0.22 குண்டை 2 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுக்கித் தள்ளும். பத்தில் பட வேண்டியது எட்டிலோ ஒன்பதிலோ படும். வேகமான தோட்டாவை வாங்கினால் காற்றை வெல்லலாம் என்று தோன்றும். 0.22 வகையில் அது தலைகீழ். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு காற்றுத் தடையால் விரைவாக வேகம் இழந்து, மெதுவாகப் புறப்பட்ட குண்டைவிட அதிகமாகவே ஒதுங்குகிறது. போகும் வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறவும் செய்கிறது. அதனால்தான் போட்டித் தோட்டாக்கள் நொடிக்கு 325, 330 மீட்டர் என்று ஒலிவேகத்துக்குக் கீழேயே அடைக்கப்படுகின்றன. ஒரே பெயர்கொண்ட தோட்டாவிலும் ஆலைத் தொகுதி மாறினால் குழலின் விருப்பம் மாறும். தேர்ந்த போட்டியாளர்கள் ரைபிளை வாங்கிய பிறகு அதற்குப் பிடித்த தொகுதியைச் சோதித்துக் கண்டுபிடித்து, அதே தொகுதியை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

வாங்கும் இடத்தில் கண்ணைவிடக் கைக்கு அதிக வேலை. பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நீளவாக்கில் மடிக்காமல் குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே நுழைத்து, குழல்முனையிலிருந்து பின்பக்கம் இழுத்துப் பார்க்கலாம்; தோட்டா அறை தொடங்கும் இடம்வரை எங்கும் சிக்காமல் போனால் குழல் கட்டையைத் தொடாமல் தனித்து நிற்கிறது என்று பொருள். வழியில் நோட்டு நின்றால், அந்த இடத்தில் கட்டை குழலை அழுத்துகிறது. வெயிலிலும் ஈரத்திலும் மரம் சுருங்கி விரியும்போதெல்லாம் அந்த அழுத்தம் மாறி, காலையில் சரியாக இருந்த குறி மாலையில் விலகும். சாரல் காலத்துக் குற்றாலத்தில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கிறது. வாதுமை மரக்கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த ஊருக்கு அலுமினியச் சட்டமோ செயற்கைக் கட்டையோ நம்பகமானது. எண்ணெய்த் துணியால் துடைக்காமல் உறைக்குள் வைத்த குழலில் துரு ஏற இரண்டு நாள் போதும்.

கட்டையின் நீளத்தைப் பற்றி யாரும் அக்கறையோடு சொல்வதில்லை. ஐரோப்பிய உடலுக்கு வார்க்கப்பட்ட ரைபிளை உயரம் குறைந்த இளைஞரோ பெண்ணோ தோளில் பொருத்தும்போது, விசையைத் தொடக் கையை நீட்டித் தோளை முன்தள்ள வேண்டியிருக்கிறது; கன்னம் கட்டையில் படியாமல் கண் குறிக்கு நேராக வராது. கன்னத்தாங்கியும் அடித்தட்டும் ஏற்றி இறக்கக் கூடியதாக இருந்தால், விலை சற்றுக் கூடினாலும் அதுவே வாங்கத் தகுந்தது. ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறி வேண்டுமா என்பதைப் போட்டி தீர்மானிக்கும்: ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் அதற்கு இடமே இல்லை, கண்ணருகே சிறு துளையும் முனையில் வளையமும் கொண்ட பீப் சைட்டால்தான் சுட வேண்டும். பெரிய குழலளவின் மேல் உள்ள மோகம் எதிருதையில் முடிகிறது. தோளில் விழும் இடியை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்திலேயே கண் இறுகுவதும் கை துள்ளுவதும் ஒருமுறை பழகிவிட்டால் அதை மறக்கடிக்க மாதங்கள் ஆகும். ஆகவே தொடக்கக்காரர் 0.30-06 போன்ற பெருந்தோட்டாவை நாடுவது வீண்செலவு மட்டும் அன்று, கெடுதலும் ஆகும்.

1951-இல் மாவலங்கரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தின் கீழ் வந்த இந்தியச் சாதனைகளும் இதையே காட்டுகின்றன. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வென்ற வெண்கலமும் 10 மீட்டர் காற்றழுத்த ரைபிளால் வந்தவை. 2024-இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே பெற்ற வெண்கலம் 50 மீட்டரில் 0.22 ரைபிளால் வந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் ஏந்தியதும் காற்றழுத்த ரைபிளையே.

தென்காசியில் ஒருவர் இன்று முதல் ரைபிளைத் தேடுகிறார் என்றால் அதுவும் காற்றழுத்த ரைபிளாகவே இருக்க வேண்டும். குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றழுத்த ரைபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவு. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணைக் குருடாக்கும், பறவையைக் கொல்லும். பறவையை அதனால் சுடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமே.

இடம் வேண்டும் என்று சுடுதளம் தேடிப் போக முடியாதவர்க்கு இவ்வூர்களின் பழைய வீடுகளே உதவும். தென்காசியிலும் செங்கோட்டையிலும் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று நீண்டு கிடக்கும் வீட்டில், ரேழியிலிருந்து 10 மீட்டர் அளந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். கொல்லைக் கதவைத் தாழிட்டு, குறுக்கே வரும் வாசல்களையும் அடைத்து, குண்டை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டியைத் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் மாட்டி, அதன்மேல் அட்டையைச் செருகலாம். அட்டையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். அதன் மையத்தில் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனை வைத்து எடுத்த அளவு. சுடுபவர் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது; கறுப்பு வட்டத்தை வளையத்துக்குள் ஒரே சீராக நிறுத்தி, அதன் நடுவில் புள்ளி இருக்கிறது என்று நம்பியே விசையைத் தொட வேண்டும். சுட்ட பிறகு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சரியாகப் பட்ட குண்டு தன் 4.5 மில்லிமீட்டர் துளையோடு அந்தப் புள்ளியை முழுவதுமாக எடுத்துக்கொண்டு போயிருக்கும்.